வசனத்துக்கு ஏத்தி, சண்டைக்கு இறக்கி: வீட்டு டிவியில் சத்தத்தைச் சமன் செய்வது

ராத்திரி ஒன்பதரை மணி. ஆசாரத்தில் டிவி ஓடுகிறது. ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது. ரெண்டு வீடு தள்ளி தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட். திரையில் அப்பனும் மகனும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். "என்ன கண்ணு சொல்றான்?" என்று அப்பாரு கேட்க, பேரன் வால்யூமை 18-லிருந்து 30-க்கு ஏற்றுகிறான். வசனம் காதில் விழத் தொடங்கிய அதே நொடி, கதவை உடைத்துக்கொண்டு நாலு பேர் உள்ளே வருகிறார்கள். பின்னணி இசை எகிறுகிறது, தொட்டிலில் கிடந்த குழந்தை வீறிடுகிறது. "அட, கொறைடா அதை!" உடனே 12. சண்டை முடிந்தால் மறுபடி 30.

பல்லடம், சோமனூர், திருப்பூர் பக்கம் நாங்கள் டிவி மாட்டப் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். "ஸ்பீக்கர் போயிருச்சுங்க, பாருங்க" என்பார்கள். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். சிலர் அதற்குள் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்து சவுண்ட் பார் வாங்கி வைத்திருப்பார்கள். அதிலும் அதே தொல்லை. காரணம் தெரியாமல் சாமான் மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

மூணு படியும் ஒரு படியும்

தியேட்டருக்காகச் சத்தம் கலக்கும் கூடத்தில் ஒரு கணக்கு உண்டு. முன்பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சோதனை ஒலிக்கு 85 டெசிபல் கொடுக்கும்படி அளந்து வைப்பார்கள். அந்த அளவில் ஒரு ஸ்பீக்கரின் உச்சம் 105 டெசிபல் வரை போகலாம். சப் ஊஃபர் வழி 115 வரை. சாதாரணப் பேச்சு 70, 75 அளவில் நிற்கும். ஆக, வசனத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே 30 டெசிபல் இடைவெளி. தியேட்டரில் இது சுகம். சுவரெல்லாம் பஞ்சும் துணியும், பக்கத்தில் தறி கிடையாது, தொட்டிலும் கிடையாது.

வீட்டுக்கு வருவோம். ஃபேன் முழு வேகத்தில் ஓடும் கூடத்தில் கைபேசியில் டெசிபல் ஆப்பைத் திறந்து பார்த்தால் 50-ஐ ஒட்டிக் காட்டும். பேச்சு சிரமமில்லாமல் புரிய, சுற்றுச் சத்தத்தை விட அது 15 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். அப்படியானால் வசனத்துக்கு 65 வேண்டும். அதற்கு மேலே 30 போட்டால் சண்டைக்காட்சி 95-க்குப் போகிறது. குழந்தை தூங்கும் வீட்டில் ராத்திரியில் 75 தாண்டினாலே சண்டை திரையில் நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். (நோம்பிக் காலத்தில் ரேடியோ செட்டுக்காரர் முன்னால் அந்தக் கணக்கு எடுபடாது என்பது வேறு விஷயம்.)

அதாவது நம் வீட்டில் 65-க்கும் 75-க்கும் நடுவே 10 டெசிபல் இடம்தான் இருக்கிறது. வருகிற சரக்கு 30. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் மூணு படியைக் கொட்டுகிறோம். ரிமோட்டை எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் பாத்திரம் பெரிதாகாது. ஒன்று பாத்திரத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது சரக்கை அமுக்கித் திணிக்க வேண்டும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான்.

பாத்திரத்தைப் பெரிதாக்க அஞ்சு காசு செலவில்லாத வழி, ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கி, தறிப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது. இதிலேயே பல வீடுகளில் 5 டெசிபலுக்கு மேல் கிடைத்துவிடும். தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் மழை பெய்யும்போது எந்த செட்டிங்கும் உதவாது. டிவியை அணைத்துவிட்டு மழையைக் கேட்பது மேல்.

பழைய படங்களுக்கு இந்த வம்பு இல்லை. சேலத்தில் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துப் படங்களை இன்று போட்டாலும் ஒரே வால்யூமில் கடைசி வரை பார்க்கலாம். அன்றைய ஒலிப்பதிவுக்கு ஒரே தடம்; ஃபிலிம் ஓரத்தில் ஒளியால் பதிந்த அந்தத் தடத்துக்குப் பெரிய ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சக்தியும் கிடையாது. அதனால் நடிகர்கள் உரக்கப் பேசினார்கள், இசை அடங்கி நின்றது. டிஜிட்டல் வந்த பிறகு முணுமுணுப்பையும் இடியையும் ஒரே படத்தில் வைக்க முடிந்தது. வைத்துவிட்டார்கள்.

வசனம் எங்கே தொலைகிறது

5.1 ஒலியில் ஆறு தடங்கள். முன்னால் இடம், வலம், நடு, பின்னால் இரண்டு, சப் ஊஃபருக்கு ஒன்று. வசனம் ஏறக்குறைய முழுவதும் நடுத் தடத்தில் இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நோய் தானாகப் பிடிபடும்.

டிவியில் இரண்டு ஸ்பீக்கர்தான். ஆறு தடத்தை இரண்டில் அடைக்க வேண்டும். நடுத் தடத்தை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் கலப்பார்கள், பின்பக்கத் தடங்களையும் அதே மாதிரி. மூன்று தடம் ஒரே பக்கத்தில் சேர்ந்து உச்சத்தைத் தாண்டினால் ஒலி கிழியும் என்பதால், சில கருவிகள் மொத்தத்தையும் ஏறக்குறைய 7.7 டெசிபல் இறக்கிவிடும். இப்படித் தனியாக நின்ற வசனம் இசையோடு ஒரே ஸ்பீக்கரில் நெருக்கியடித்து, அதுவும் தாழ்ந்து வருகிறது. போதாக்குறைக்கு இன்றைய மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கும்.

ஆகவே வெறும் டிவி ஸ்பீக்கரில் பார்ப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது: ஓடிடியில் படம் ஓடும்போது ஆடியோ பட்டியலைத் திறந்து பாருங்கள். "தமிழ் 5.1", வெறும் "தமிழ்" என்று இரண்டு இருந்தால் இரண்டாவதை எடுங்கள். அது ஏற்கெனவே இரண்டு தடமாகக் கலந்தது. டிவி தன் கைவரிசையைக் காட்ட வேண்டியதில்லை. பல படங்களில் இந்த ஒரு மாற்றமே போதும்.

ஓடிடிக்கும் ஓடிடிக்கும் அளவு வேறு. நெட்ஃபிளிக்ஸ் தனக்குக் கொடுக்கப்படும் ஒலியில் வசனத்தின் சராசரி மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ். (டிஜிட்டல் ஒலியின் உச்சத்தைப் பூஜ்யமாக வைத்துக் கீழே எண்ணும் சத்த அளவு) இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. ஏற இறங்க 2 வரை விடுவார்கள். உச்சம் மைனஸ் 2-ஐத் தாண்டக் கூடாது. அதிலேயே 25 டெசிபல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். யூட்யூபில் மைனஸ் 14 அளவை ஒட்டி இருக்கும். அதற்கு மேல் கத்துவதை இறக்குவார்கள், தாழ்ந்ததை ஏற்ற மாட்டார்கள். யூட்யூபில் பாட்டுக் கேட்டுவிட்டு அதே வால்யூமில் படத்துக்குப் போனால் ஊமைப் படம் மாதிரி இருப்பதும், படம் பார்த்துவிட்டுத் திரும்பினால் தூக்கிப் போடுவதும் இதனால்தான்.

பாதி செருகிய ஹெட்ஃபோன் பின்

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். டிவியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒயர் எடுத்து 2.1, 4.1 செட்டில் கொடுத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். "மியூசிக் சூப்பரா வருதுங்க, பேச்சு மட்டும் கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குது" என்றால், கையை நேராக அந்தப் பின்னுக்குக் கொண்டு போங்கள்.

3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று வளையம். நுனி இடது, நடு வலது, அடி எர்த். பின் முழுதாக உட்காராமல் அரைக்கால் அங்குலம் வெளியே நின்றாலோ, அடி வளையத்தின் ஈயப்பற்று விட்டிருந்தாலோ எர்த் அறுந்துபோகும். அப்போது செட்டுக்குள் போவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். வசனம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதல்லவா? ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். இசையும் எதிரொலியும் இரண்டு பக்கமும் வேறுபடுவதால் தப்பிவிடும். படம் ஓடும்போதே பின்னை மெல்லத் திருகி அழுத்துங்கள். "டக்" என்று உட்கார்ந்ததும் பேச்சு முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும். சுவரில் மாட்டிய டிவியில் இந்தப் பின் இடிபட்டு வளைந்து நிற்பது வழக்கம். எல் வடிவப் பின் போட்ட ஒயர் வாங்கிவிட்டால் அந்தக் கவலை விட்டது.

இதன் தம்பி, ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் ஒயர் பிளஸ் மைனஸ் மாறியிருப்பது. அசெம்பிள் செய்த ஆம்ப்களில் அடிக்கடி பார்க்கலாம், ஏனென்றால் ரெண்டு ஒயரும் ஒரே கலரில் இருக்கும். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. நடுவில் நிற்க வேண்டிய குரல் மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. சோதனை சுலபம். இரண்டு ஸ்பீக்கரையும் முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளியில் வைத்து, ஒற்றைக் குரல் பேச்சு ஒன்றைப் போடுங்கள். ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். எப்படி மாட்டும்போது குரல் கனமாகக் கேட்கிறதோ அதுதான் சரி.

மூன்றாவது, 4.1 செட். அதில் நடு ஸ்பீக்கரே கிடையாது. ஒயர் வழி இரண்டு தடம் கொடுத்தால் பிரச்சினையில்லை. ஆனால் ஆறு தடத்தையும் பிரித்துக் கொடுக்கும் டீகோடர் போர்டு போட்ட ஆம்பிலோ ரிசீவரிலோ "சென்டர் ஸ்பீக்கர் உண்டு" என்று செட்டிங் இருந்து, அங்கே ஸ்பீக்கர் மாட்டாமல் விட்டால், வசனம் முழுவதும் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஸ்பீக்கர் செட்டப்பில் சென்டரை "நன்" (இல்லை) என்று மாற்றினால் அது முன்பக்க இரண்டுக்கும் பிரிந்து வரும். சென்டர் ஸ்பீக்கர் ஒயர் எலி கடித்து அறுந்த வீட்டிலும் அறிகுறி இதேதான்.

வால்யூமை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. செட் டாப் பாக்ஸ், டிவி, ஆம்ப் மூன்றிலும் தனித்தனி வால்யூம் இருக்கும். பாக்ஸைக் கால்வாசியில் வைத்துவிட்டு ஆம்பை முழுக்கத் திருகினால் "ஸ்ஸ்" இரைச்சலும் சேர்ந்து ஏறும். பாக்ஸை முழு அளவிலோ அதற்கு ஒரு படி கீழேயோ வையுங்கள், ஹெட்ஃபோன் துளை வழி போகும் டிவியை முக்கால் அளவில் நிறுத்துங்கள், தினசரி ஏற்ற இறக்கத்தை ஆம்பில் செய்யுங்கள். டிவியையும் முழுக்க ஏற்றினால் ஆம்பின் வாசலிலேயே ஒலி கிழியும். அதை எந்த நாபாலும் பிறகு ஒட்ட முடியாது.

டிவி மெனுவில்

பெரும்பாலான டிவிகளில் சத்தத்தைச் சமன் செய்யும் ஒரு சுவிட்ச் இருக்கிறது, பெயர்தான் வேறு. சாம்சங்கில் "எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ்" உள்ளே "ஆட்டோ வால்யூம்". சோனியில் "அட்வான்ஸ்டு ஆட்டோ வால்யூம்". எல்ஜியிலும் ஆட்டோ வால்யூம் என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். விளம்பரம் வந்ததும் அலறுகிற சேனல்களுக்கு இது மருந்து. சேனல் மாற்றும்போது வரும் வித்தியாசத்துக்கும் சரி.

படத்துக்கு இதை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வேலை செய்யும் விதம் அப்படி. பெரிய சத்தம் வந்ததும் மொத்தத்தையும் இறக்கும். சத்தம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு விநாடி இறக்கியே வைத்திருக்கும். வெடிகுண்டு வெடித்த உடனே நாயகன் சொல்லும் முதல் நாலு வார்த்தை அந்தக் குழியில் விழும். பிறகு மெல்ல ஏறும்போது பின்னணி இரைச்சலும் சேர்ந்து மூச்சு வாங்குவது போல மேலே வரும்.

படத்துக்கு ஏற்றது வேறொன்று. படங்களில் பரவலாக வரும் டால்பி வடிவ ஒலியோடு, எந்த இடத்தில் எவ்வளவு அமுக்கலாம் என்ற குறிப்பும் சேர்ந்தே வருகிறது. டீகோடர் விரும்பினால் அதைப் பயன்படுத்தலாம். சோனி டிவியில் "டால்பி டைனமிக் ரேஞ்ச்" என்று இருப்பது இதுதான், "கம்ப்ரஸ்டு" ஆக்குங்கள். ரிசீவரிலும் சவுண்ட் பாரிலும் "டி.ஆர்.சி." (ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) அல்லது "நைட் மோட்" என்று இருக்கும். யமஹாவில் "அடாப்டிவ் டி.ஆர்.சி.", டெனானில் "டைனமிக் வால்யூம்" என்று தனிச் சரக்கும் உண்டு. ஆப்பிள் டிவி பெட்டியில் "ரெடியூஸ் லவுட் சவுண்ட்ஸ்". இவற்றில் லைட், மீடியம், ஹெவி என்று படிகள் இருந்தால் மீடியத்தில் தொடங்குங்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அமுக்க வேண்டும். டிவியில் ஆட்டோ வால்யூம், சவுண்ட் பாரில் நைட் மோட், அதன் மேல் கம்ப்யூட்டரில் ஒரு சமன் என்று மூன்றையும் போட்டால், ஒன்று ஏற்ற ஒன்று இறக்க, சத்தம் ஊஞ்சலாடும். "எல்லாத்தையும் ஆன் பண்ணிப் பாத்துட்டங்க" என்று சொல்லும் வீடுகளில் எங்கள் வேலை பெரும்பாலும் ஆஃப் செய்வதுதான்.

"சரவுண்ட்", "3டி", "விர்ச்சுவல்" என்று வருவதையும் ஆஃப் செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கரில் அகலம் காட்டுவதற்காக அவை நடுவில் நிற்கும் குரலைத்தான் பலி கொடுக்கின்றன. எல்ஜியின் "கிளியர் வாய்ஸ்", சாம்சங்கின் "ஆம்ப்ளிஃபை" போன்றவற்றைப் போட்டுப் பார்க்கலாம்.

ஈக்வலைசர் இருந்தால் ஒரு சின்ன விஷயம். கட்டு, பட்டு, தட்டு, மூன்றையும் சொல்லிப் பாருங்கள். உயிரொலி மூன்றிலும் ஒன்றே. முதல் மெய் மட்டும்தான் வேறு. அதை அடையாளம் காட்டும் சிறு வெடிப்பு பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, 4 வரை பரவிக் கிடக்கிறது. சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை என்றால் அந்த இடம்தான் மழுங்கியிருக்கிறது. 2, 4 கிலோஹெர்ட்ஸ் நாப்களை 2 முதல் 3 டெசிபல் ஏற்றி, 100, 200 ஹெர்ட்ஸை 3, 4 இறக்குங்கள். கோயில் நோம்பியில் புனல் ஸ்பீக்கர் அறிவிப்பு அரை மைல் தள்ளியும் சொல் சொல்லாகப் புரிவதன் ரகசியம் இதுதான்: அதில் அடித்தொனியே கிடையாது. நாம் வீட்டுக்கு வந்து பேஸை முழுக்கத் திருகி வைத்துவிட்டு வசனம் கேட்கவில்லை என்கிறோம்.

சவுண்ட் பாரும் சப் ஊஃபரும்

எச்.டி.எம்.ஐ. ஒயரை ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். மற்றத் துளையில் செருகினால் டிவியின் ஒலி வெளியே வராது. டிவி மெனுவில் ஒலி வெளியீட்டு வடிவம் என்று ஒன்று இருக்கும். சவுண்ட் பாரில் நடு ஸ்பீக்கர் தனியாக இருந்து, டால்பி படிக்கத் தெரிந்தால் "ஆட்டோ" அல்லது "பாஸ்த்ரூ" (வந்த ஒலியை வந்தபடியே அனுப்புவது). சாதாரண 2.0, 2.1 பார் என்றால் "பி.சி.எம்." (டிவியே பிரித்துக் கொடுக்கும் ஒலி). 3.1, 5.1 பார் வாங்கிவிட்டு டிவியைப் பி.சி.எம்.மில் விட்டுவைத்தால், ஏ.ஆர்.சி. வழி இரண்டு தடம் மட்டுமே போகும். காசு கொடுத்து வாங்கிய நடு ஸ்பீக்கருக்கு அசல் வசனத் தடம் போய்ச் சேராது. டால்பியின் நைட் மோட் டால்பியாக வரும் ஒலிக்குத்தான் வேலை செய்யும், பி.சி.எம்.முக்குச் செய்யாத கருவிகள் உண்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். "நைட் மோட் போட்டும் ஒண்ணும் ஆகலீங்க" என்பதன் காரணம் பல சமயம் இதுதான்.

நடு ஸ்பீக்கருக்குத் தனி அளவு இருந்தால் பிளஸ் 2-லிருந்து பிளஸ் 4 வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் கூட்டத்தில் ஒருவர் மட்டும் மைக் பிடித்த மாதிரி ஆகிவிடும். ரிசீவர் வைத்திருப்பவர்கள் சோதனை ஒலியைப் போட்டு, உட்காரும் இடத்தில் கைபேசியைக் காது உயரத்தில் பிடித்து, எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவு காட்டும்படி முதலில் சமன் செய்துவிட்டு அப்புறம் நடுவை ஏற்றுவது முறை. நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே தாழ்வாக இருந்தால், அடியில் ஒரு ரப்பர் துண்டு வைத்து முகத்தைக் காதுப் பக்கம் நிமிர்த்துங்கள். ஷோகேஸ் தட்டில் உள்ளே தள்ளி வைத்த சவுண்ட் பாரை விளிம்பு வரை முன்னுக்கு இழுங்கள். உள்ளே இருந்தால் அந்தப் பலகைப் பெட்டியே ஒரு உடுக்கையாகிக் குரலை உப்பச் செய்யும்.

சப் ஊஃபரை மூலையில் வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம், இடம் அடைக்காதே என்று. ஒவ்வொரு சுவரும் அடித்தொனியை 6 டெசிபல் வரை கூட்டும். மூலையில் இரண்டு சுவர். சண்டைக் காட்சியில் ஷோகேஸ் கண்ணாடி நடுங்குவது அதனால்தான். மூலையிலிருந்து ரெண்டு அடி வெளியே இழுத்து, அளவைப் பாதிக்குக் கீழே வையுங்கள். எந்தத் தொனி வரை சப் ஊஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் நாப் இருந்தால் பெரிய ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸ், மூணு அங்குலக் குட்டி ஸ்பீக்கருக்கு 120, 150. அதற்கு மேல் திருகினால் ஆண் குரலும் சப் ஊஃபர் வழி வந்து "பூம் பூம்" என்று பேசும்.

கம்ப்யூட்டரில் வி.எல்.சி.

கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டு டிவிக்கு ஒயர் கொடுப்பவர்களுக்கு வி.எல்.சி. பிளேயரை விட நல்ல கருவி இலவசமாகக் கிடைக்காது. டூல்ஸ் மெனுவில் எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ், அதில் ஆடியோ எஃபெக்ட்ஸ், அதில் கம்ப்ரஸர். "எனேபிள்" டிக் போட்டுவிட்டு இப்படி வையுங்கள்: அட்டாக் 10 மில்லிவிநாடி, ரிலீஸ் 300, த்ரெஷோல்டு மைனஸ் 27, ரேஷியோ 3, நீ ரேடியஸ் 5, மேக்கப் கெயின் 6.

ஏன் இந்த எண்கள்? வசனம் மைனஸ் 27-ல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துப்பாக்கிச் சத்தம் மைனஸ் 6. இடைவெளி 21. த்ரெஷோல்டு மைனஸ் 27 என்றால் அதுவரை உள்ளதைத் தொடாதே என்று பொருள். வசனம் அப்படியே நிற்கும். ரேஷியோ 3 என்றால் அதற்கு மேலே போகும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் 1 மட்டும் வெளியே விடு என்று பொருள். 21 போய் 7 ஆகிறது. துப்பாக்கி மைனஸ் 20-க்கு வந்துவிட்டது. அதன் மேல் மேக்கப் கெயின் 6 டெசிபலை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏற்றுகிறது: வசனம் மைனஸ் 21, துப்பாக்கி மைனஸ் 14. மூணு படி ஒரு படியில் அடங்கிவிட்டது.

மேக்கப்பை 12-க்கு ஏற்றிவைக்கும் ஆசை வரும். வேண்டாம். கம்ப்ரஸர் விழித்துக்கொள்ள அந்த 10 மில்லிவிநாடி ஆகும். அதற்குள் தப்பி வரும் முதல் வெடிப்பு மைனஸ் 6-ல் தொடங்கி மேக்கப் 6 சேர்ந்தால் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும். 12 வைத்தால் பூஜ்யத்தைத் தாண்டிக் கிழியும். சத்தம் இன்னும் வேண்டுமென்றால் டிவியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அமுக்கியதை விட எடுக்கும் நேரமான ரிலீஸை 100-க்குக் கீழே கொண்டு போனால் பின்னணி இசை படபடக்கும். 600-க்கு மேல் போனால் ஆட்டோ வால்யூமின் அதே நோய்.

அறை

புது வீடுகளில் தரையில் கிரானைட் அல்லது பெரிய டைல்ஸ், நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே பத்தடியில் கான்கிரீட். நடுக்கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். "டிர்ர்" என்று வால் நீண்டால் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் மேல் ஏறுகிறது. வால்யூமை ஏற்றினால் வாலும் சேர்ந்து நீளும்.

பவானி ஜமக்காளம் விரிக்கலாமா என்று கேட்பார்கள். விரிக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் மெல்லிய ஜமக்காளம் மேல் தொனிகளைத்தான் கொஞ்சம் உறிஞ்சும். உப்பலான அடித்தொனி அப்படியே இருக்கும். ரெண்டாக மடித்து, அடியில் ஒரு பழைய மெத்தை விரிப்பும் போட்டால் பலன் கூடும். அதை விட டிவிக்கு எதிர்ச் சுவரிலும் ஜன்னலிலும் கனமான திரை போடுவது நல்லது. கரூர் பக்கம் போனால் இதற்கென்றே துணி கிடைக்கும். சுவரின் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி எடுத்து, சுருக்கம் விழும்படி, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரோடு ஒட்டித் தட்டையாகத் தொங்கும் திரை கண்ணுக்கு மட்டும்தான். துணிச் சோபா, கட்டில் மெத்தை, புத்தக அலமாரி எல்லாம் உதவும். ரெக்சின் சோபா உதவாது.

பழைய ஓட்டு வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. ஓட்டின் சரிவும் மரச் சட்டங்களும் ஒலியைத் திருப்பி அடிக்காமல் சிதறடித்துவிடும்.

அப்பாருவின் காது

முப்பது வருஷம் தறி ஓட்டியவர்களின் காதில் 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய இடம்தான் முதலில் தேயும். வயதும் சேர்ந்தால் மேல் தொனி முழுவதும் இறங்கும். கட்டு, பட்டு, தட்டு வித்தியாசம் குடியிருக்கும் இடத்துக்கு நேர் பக்கத்து வீடு அது. "சத்தம் கேக்குது, பேச்சு வெளங்கல" என்பார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. தேய்ந்த காதுக்குத் தணிந்த ஒலி கேட்காது, ஆனால் கொஞ்சம் ஏறியதும் மற்றவர்களுக்குக் கேட்பது போலவே பலமாகக் கேட்கும். நடுவில் உள்ள படிகள் இல்லை. "கேக்கல, கேக்கல" என்று சொன்னவரே, ரெண்டு புள்ளி ஏற்றியதும் "ஏன்டா கத்த வெக்கறே" என்பது வீம்பு இல்லை. அவருடைய பாத்திரம் நம்முடையதை விடச் சிறியது, அவ்வளவுதான்.

அதனால் பெரியவர்கள் உள்ள வீட்டில் டி.ஆர்.சி.யை மீடியத்திலிருந்து ஹெவிக்கு ஏற்றலாம். டிவியின் சத்தத்தை ஏற்றுவதற்குப் பதில் ஒலியை அவர் பக்கத்தில் கொண்டு போவது இன்னும் நல்லது. அவர் உட்காரும் நாற்காலிக்கு அருகே ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒயர் வழியாக. ஸ்பீக்கர் தூரம் பாதியானால் திறந்த வெளிக் கணக்கில் 6 டெசிபல் கூடும். வீட்டுக்குள் அதைவிடச் சற்றுக் குறைவு. மற்றவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. புளூடூத் ஸ்பீக்கர் வைத்தால் ஒலி 100, 200 மில்லிவிநாடி பிந்தி வரும். டிவி ஒலியும் அதுவும் சேர்ந்து எதிரொலியாகிவிடும். புளூடூத் ஹெட்ஃபோன் என்றால் எதிரொலி இல்லை, உதடும் பேச்சும் ஒட்டாமல் போகலாம். டிவி மெனுவில் ஒலி ஒத்திசைவு நாப் இருந்தால் அதில் சரி செய்யலாம்.

எல்லாம் அமைந்த பிறகு, எந்த மெனுவில் எந்த எண் என்று ஒரு தாளில் எழுதி ஷோகேஸ் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். டிவி சாஃப்ட்வேர் அப்டேட் ஆகும்போது சவுண்ட் செட்டிங் பழையபடி "ஸ்டாண்டர்டு"க்கும் பி.சி.எம்.முக்கும் திரும்பிவிடுவது உண்டு. லீவுக்கு வரும் ஒறம்பரைப் பிள்ளைகள் ரிமோட்டைக் கையில் எடுத்தாலும் அதே கதிதான்.